‘லோ-ஃபை’ இசைக்குப் பின்னால் ஒரு டெட்ராய்ட் வீட்டு பேஸ்மென்ட்: யார் இந்த ஜே டில்லா?

வேலை நேரத்தில் ஹெட்போனில் ‘லோ-ஃபை’ பிளேலிஸ்ட் ஓடவிடுபவரா நீங்கள்? யூடியூபில் 24 மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த இசையில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். டிரம்ஸ் லேசாகத் தள்ளாடும். கடிகாரம் மாதிரி டக், டக் என்று ஒரே சீராக விழாது. ஓர் அடி கொஞ்சம் பிந்தும், இன்னொன்று முந்திக்கொள்ளும். ஆனாலும் தலை தானாக ஆடும்.

அந்தத் தள்ளாட்டத்துக்கு ஓர் ஊர் இருக்கிறது, ஓர் ஆளும் இருக்கிறார். ஊர், அமெரிக்காவின் டெட்ராய்ட். ஆள், ஜேம்ஸ் டிவிட் யான்சி. ஹிப்-ஹாப் உலகில் முதலில் ஜே டீ, பிறகு ஜே டில்லா. 2006 பிப்ரவரியில், 32 வயது முடிந்து மூன்றாவது நாளில் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை டிவியில் அவர் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு. இன்று அவருடைய டிரம் மெஷின் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் ஹிப்-ஹாப்பை ஆண்ட காலத்தில், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு ஊரின் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எப்படி இந்த வேலையைச் செய்தார்?

கார் ஊர், பாட்டு ஊர்

டெட்ராய்ட் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் எல்லாம் அந்த வட்டாரத்து கம்பெனிகள்தான். அடுத்தது மோட்டவுன். 1959-ல் பெர்ரி கோர்டி அங்கே ஒரு சாதாரண வீட்டில் தொடங்கிய அந்த இசை நிறுவனம் ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, ஜாக்ஸன் 5 என்று வரிசையாக நட்சத்திரங்களைக் கொடுத்தது. கோர்டி ஒரு காலத்தில் கார் ஆலையில் அசெம்பிளி லைனில் நின்றவர். பாட்டையும் அதே முறையில் தயாரித்தார் என்று சொல்வார்கள்.

1972-ல் மோட்டவுன் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. கார் ஆலைகளும் ஒவ்வொன்றாக இளைத்தன. 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 1990-ல் மிஞ்சியது 10 லட்சம் சொச்சம். மோட்டவுன் போய் இரண்டு வருடம் கழித்து, 1974 பிப்ரவரி 7 அன்று, அந்தக் காலியாகிக்கொண்டிருந்த ஊரில் ஜேம்ஸ் பிறந்தார்.

அவர் வளர்ந்த பேட்டையின் பெயர் கானன்ட் கார்டன்ஸ். இதற்குத் தனிக் கதை உண்டு. டெட்ராய்டில் அடிமை முறையை எதிர்த்து 1837-ல் சங்கம் கண்டவர் ஷுபேல் கானன்ட். இந்த நிலம் ஒரு காலத்தில் அவருடையது. நகரின் பெரும்பாலான இடங்களில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலத்தில், இங்கே அந்தத் தடை இல்லை. ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று கறுப்பின நடுத்தர வர்க்கம் சொந்த வீடு கட்டிக் குடியேறியது. சொந்த வீடு என்றால் சொந்த பேஸ்மென்ட். இந்தக் கதையில் அது முக்கியம்.

நெவாடா தெருவும் மக்டூகல் தெருவும் சேரும் முனையில் யான்சி குடும்பத்தின் வீடு. அப்பா பெவர்லி டிவிட் யான்சி ஜாஸ் பேஸ் வாசிப்பவர், பாடகர். அம்மா மவ்ரீன் ஓபரா பாட்டுப் பயிற்சி பெற்றவர். வீட்டில் குரலிசை ஒத்திகை நடந்துகொண்டே இருக்கும். பையன் நடக்கப் பழகிய வயதிலேயே இசைத்தட்டு வாங்க ஆரம்பித்துவிட்டான். மற்ற குழந்தைகளுக்குப் பொம்மை, இவனுக்கு ரெக்கார்டு.

எம்பிசி கற்றுக்கொடுத்த பக்கத்து வீதிக்காரர்

விமானத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் டேவிஸ் ஏரோஸ்பேஸ் பள்ளியில் ஜேம்ஸைச் சேர்த்தார்கள். பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளிப் பக்கம் ஒதுங்கியபோதுதான் டி-3, பாட்டின் என்ற இரண்டு நண்பர்களோடு ராப் கூட்டணி அமைந்தது. பிற்காலத்தில் அதுவே ‘ஸ்லம் வில்லேஜ்’. நடுத்தரக் குடும்பங்கள் வாழ்ந்த தங்கள் பேட்டைக்கு ‘சேரி கிராமம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தது அந்த வயதுக்கே உரிய கெத்து!

திருப்பம் வந்தது பேட்டைக்குள்ளிருந்தே. கானன்ட் கார்டன்ஸில் வசித்த ஆம்ப் ஃபிட்லர், ஜார்ஜ் கிளின்டனின் புகழ்பெற்ற ஃபங்க் குழுவில் கீபோர்டு வாசித்தவர். வீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே அகாய் கம்பெனியின் எம்பிசி டிரம் மெஷின் இருந்தது. அன்றைக்கு அது பணக்காரச் சாமான். பேட்டைப் பிள்ளைகளை உள்ளே விட்டு, தொட்டுப் பார்க்க அனுமதித்தவர் அவர். 1990-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் அங்கே போய் உட்கார்ந்து, பட்டன் பட்டனாக அந்த மெஷினைக் கற்றார்.

எம்பிசி என்றால் என்ன? பழைய பாட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, 16 ரப்பர் பட்டன்களில் பதித்து, விரலால் தட்டிப் புதுப் பாட்டாக்கும் கருவி. ‘சாம்பிளிங்’ என்பது இதுதான். இதற்கு பேண்டு வேண்டாம், ஸ்டூடியோ வாடகை வேண்டாம். இசைத்தட்டுகளும் காதும் போதும். மோட்டவுன் போய்விட்ட ஊரில், அது விட்டுப்போன இசைத்தட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

1994-ல் லாலபலூசா என்ற பெரிய இசைச் சுற்றுப்பயணம். கிளின்டனின் குழுவோடு ஃபிட்லரும், ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’ குழுவோடு நியூயார்க் ராப்பர் க்யூ-டிப்பும் அதில் இருந்தார்கள். ஃபிட்லர் மூலமாக ஜேம்ஸின் டெமோ கேசட் க்யூ-டிப் கைக்குப் போனது. கேட்டவர் அசந்துபோனார். அந்த கேசட்டை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினார்.

அதன் பிறகு மளமளவென்று நடந்தது. 1995-ல் ‘தி ஃபார்சைட்’ குழுவின் ‘ரன்னின்’’, ‘டிராப்’. 1996-ல் டி லா சோல் குழுவின் ‘ஸ்டேக்ஸ் இஸ் ஹை’. அதே வருடம் டிரைப் குழுவின் ஆல்பம் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. இதில் பாதிப் பேருக்கு பீட் போட்டது டெட்ராய்டில் அம்மா வீட்டில் இருக்கும் 22 வயதுப் பையன் என்று தெரியாது.

சரி, அந்தத் தள்ளாட்டம் என்ன?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டில்லாவின் பெயர் நிலைத்ததே இதனால்தான்.

டிரம் மெஷினில் ‘குவான்டைஸ்’ என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் சற்று முன்னே பின்னே தட்டினாலும், அந்த அடியை மெஷினே இழுத்துச் சரியான கட்டத்துக்குள் உட்கார வைத்துவிடும். எக்ஸெல் ஷீட்டில் ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்தில் உட்காருவது மாதிரி. சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் கொஞ்சம் குறையும்.

டில்லா அந்த பட்டனை அணைத்துவிட்டு, குடிபோதையில் தட்டுவது போல் தட்டினார் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பாதி உண்மை. 2022-ல் ‘டில்லா டைம்’ என்ற விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுதிய டான் சார்னஸ், மெஷினையும் பீட்டுகளையும் அலசி வேறு ஒன்றைக் காட்டினார். இது கை தவறிய கதை இல்லை, கணக்குப் போட்டுச் செய்த காரியம்.

தெருவில் மூன்று பேர் சேர்ந்து நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ராணுவ நடை. இன்னொருவர் லேசாக நொண்டி நடக்கிறார். மூன்றாமவர் அவசரக்காரர், அரை அடி முன்னே போகிறார். ஆனால் தெருமுனைக்கு மூவரும் ஒன்றாகவே வந்து சேர்கிறார்கள். டில்லாவின் பீட்டில் ஹை-ஹாட் ஒரு நடை, கிக் ஒரு நடை, ஸ்னேர் ஒரு நடை. மெஷினில் இருக்கும் நேரத்தை நகர்த்தும் வசதியை வைத்தே ஸ்னேரை மட்டும் மயிரிழை முன்னே தள்ளுவார். கிக்கைக் கையால் தட்டி அப்படியே விட்டுவிடுவார். சீரான தாளமும் ஊசலாடும் தாளமும் ஒரே பாட்டில் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில்தான் தலை ஆடுகிறது.

துல்லியத்துக்காகவே செய்யப்பட்ட இயந்திரத்தை ஒருவர் பிடிவாதமாக மனிதனாக்கிக் காட்டியது, அசெம்பிளி லைன் ஊரில். இதே டெட்ராய்டில்தான் 1980-களில் ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டெக்னோ இசையை உருவாக்கினார்கள். அது இயந்திரத்தை இயந்திரமாகவே கொண்டாடிய இசை. டில்லா இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்.

‘தி ரூட்ஸ்’ குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ், ஒரு நிகழ்ச்சி அரங்கின் வெளியே நிற்கும்போது உள்ளிருந்து வந்த ஃபார்சைட் பாட்டின் கிக் சத்தம் கேட்டு நின்றுவிட்டார். சிறு வயதிலிருந்து மெட்ரோனோம் மாதிரி வாசிக்கப் பழகியவர் அவர். அன்றிலிருந்து அதை மறக்கப் பழகினார். டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அந்தச் சாய்வான வாசிப்பை இன்றும் கேட்கலாம். பாடல்களின் தயாரிப்பாளர் பட்டியலில் டில்லாவின் பெயர் இல்லை, வாசிப்பு முழுக்க அவர் நிழல்.

பெயர் எங்கே, பணம் எங்கே?

பெயர் இல்லாமல் போவது அவருக்குப் பழகிய விஷயம். டிரைப் குழுவோடு சேர்ந்து செய்த வேலைகள் ‘தி உம்மா’ என்ற கூட்டுப் பெயரில் வந்தன. க்யூ-டிப் பிரபலம் என்பதால், எல்லாம் அவர் செய்தது என்றே ரசிகர்கள் நினைத்தார்கள். புது ஒலி பிடிக்காதவர்கள் மட்டும் விசாரித்து, இந்த டெட்ராய்ட் பையனால்தான் டிரைப் கெட்டது என்றார்கள். நல்லதற்குப் பெயர் இல்லை, திட்டுக்கு மட்டும் முகவரி இருந்தது.

1997-ல் ஜேனட் ஜாக்ஸனின் ‘காட் டில் இட்ஸ் கான்’ பாட்டிலும் இதே பிரச்னை. அதில் தன் கை இருக்கிறது என்பது டில்லாவின் தரப்பு. ஆல்பத்தில் தயாரிப்பாளர்களாக இருந்தது ஜேனட், ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் பெயர்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு ரீமிக்ஸ் வாய்ப்பு. அந்த ரீமிக்ஸுக்கு வந்த பெயரில் ‘ரிவெஞ்ச்’ என்ற சொல் இருக்கிறது. பழிக்குப் பழி! மைக் பிடித்துப் புலம்புகிற ஆள் இல்லை அவர். பதிலை பீட்டிலேயே வைத்துவிடுவார்.

2000-ம் ஆண்டு அவருடைய உச்சம். ஸ்லம் வில்லேஜின் ‘ஃபன்டாஸ்டிக் வால்யூம் 2’, காமன் என்ற சிகாகோ ராப்பரின் ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’, எரிக்கா பாடுவின் ‘மாமாஸ் கன்’ மூன்றிலும் அவர் இருந்தார். காமனின் ‘தி லைட்’ கிராமி பரிந்துரை வரை போனது. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவுக்குப் போய் வருவார், ஆனால் அங்கேயே தங்கிவிட மாட்டார். பெரிய பெரிய ஆட்கள் டெட்ராய்டுக்கு விமானம் ஏறி வந்து பேஸ்மென்ட்டில் உட்கார்ந்தார்கள். இசைத்தட்டுகள் வரிசை கலையாமல், தரையில் தூசு இல்லாமல், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கும் அந்த அறை. காலையில் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் பீட்டில் கை வைப்பார்.

அடுத்த வருடம் சொந்தப் பெயரில் முதல் ஆல்பம். தலைப்பே ‘வெல்கம் 2 டெட்ராய்ட்’. நியூயார்க் நட்சத்திரங்களைக் கூப்பிட்டிருந்தால் ஓடிவந்திருப்பார்கள். அவர் கூப்பிட்டது ஃபாட் கேட், எல்ஸை, ஃபிராங்க்-என்-டாங்க், டிரம்மர் கரீம் ரிகின்ஸ் என்று ஊர்க்காரர்களை. டெட்ராய்டில் பிறந்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் பாட்டு ஒன்றும் உண்டு. அந்த ஊரின் டெக்னோவுக்கு வித்திட்ட ஜெர்மன் குழு கிராஃப்ட்வெர்க்குக்கு ஒரு சலாமும் உண்டு. ஜெர்மைன் டுப்ரி என்ற இன்னொரு ‘ஜேடி’யோடு குழப்பம் வரக் கூடாது என்று ஜே டீ, ஜே டில்லா ஆனதும் இந்தச் சமயத்தில்தான்.

ஊர்ப்பாசம் என்றால் கண்மூடித்தனமான பாசம் இல்லை. நல்ல காரில் போகும் கறுப்பின இளைஞன் என்பதாலேயே போலீஸ் வழிமறிப்பது அவருக்கு வாடிக்கை. அந்தக் கோபத்தில் 2001-ல் போலீஸை நேரடியாகத் திட்டும் சிங்கிள் ஒன்றை வெளியிட்டார். தலைப்பை இங்கே அச்சிட முடியாது. டில்லா என்றாலே மென்மையான, சிந்தனை ததும்பும் இசை என்று ஒரு பிம்பம் இருக்கிறது. அவருடைய ராப் வரிகளில் காரும் நகையும் பெண்களும்தான் அதிகம். டெட்ராய்ட் வீதியின் பந்தா அப்படியே இருக்கும். அதை மறைத்து அவரைச் சாமியார் ஆக்குவது ரசிகர்கள் செய்யும் தப்பு.

பெரிய லேபிளான எம்சிஏ அவரை ராப்பராகவே ஒப்பந்தம் செய்தது. ஆல்பத்தை முடித்தார், லேபிள் கிடப்பில் போட்டது. அவர் தயாரித்த ஃபிராங்க்-என்-டாங்க் ஆல்பத்துக்கும் அதே கதி. 2003-ல் எம்சிஏவே கெஃபன் நிறுவனத்துக்குள் கரைந்துவிட்டது. அந்த ஆல்பம் ‘தி டைரி’ என்ற பெயரில் வெளிவந்தது 2016-ல். அவர் இறந்து பத்து வருடம் கழித்து!

ரத்தம் செய்த துரோகம்

2002 ஜனவரியில் ஐரோப்பா போய்விட்டுத் திரும்பியவருக்குக் காய்ச்சல், சோர்வு. ஃப்ளூ என்று நினைத்தார்கள். பரிசோதனையில் வந்தது டிடிபி. உடலெங்கும் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் குட்டிக் குட்டியாய் ரத்தம் உறையும். அதிலேயே பிளேட்லெட்டுகள் தீர்ந்துபோவதால் ரத்தக்கசிவு அபாயமும் சேரும். சிறுநீரகம், இதயம், மூளை எதையும் பாதிக்கலாம். அபூர்வமான நோய். பிறகு லூபஸும் சேர்ந்துகொண்டது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அந்த உடலையே தாக்கும் நோய் அது.

2003-ல் ‘ரஃப் டிராஃப்ட்’, கலிஃபோர்னியா பீட் மேக்கர் மேட்லிப்போடு ‘சாம்பியன் சவுண்ட்’ இரண்டும் வந்தன. 2004-ல் ஊரைவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். மோட்டவுன் போன அதே வழி. அங்கே நண்பர் காமனோடு ஒரே வீட்டில் தங்கினார். நோய் முற்றியபோது டெட்ராய்டிலிருந்து அம்மா வந்துவிட்டார். டயாலிசிஸ், சீடார்ஸ்-சினாய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கை, வீங்கிய விரல்கள். ஹிப்-ஹாப் உலகம் மவ்ரீனை ‘மா டியூக்ஸ்’ என்று கூப்பிடத் தொடங்கியது சும்மா இல்லை.

2005 கடைசியில் அவர் ஐரோப்பாவுக்கு ஒரு டூர் போனார், வீல்சேரில். மெலிந்து, துணியெல்லாம் தொளதொளவென்று தொங்க, மேடையில் உட்கார்ந்தபடி ராப் பாடினார். அம்மா கூடவே இருந்தார். பார்த்த ரசிகர்களில் பலருக்கு அதுவே கடைசி.

‘டோனட்ஸ்’ வந்தது 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில். 31 துண்டுகள், எல்லாமே சின்னச் சின்னதாக, மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள். வார்த்தை கிட்டத்தட்ட கிடையாது, பழைய சோல் பாடகர்களின் வெட்டி ஒட்டிய குரல்கள் மட்டும். ‘அவுட்ரோ’வில் தொடங்கி ‘இன்ட்ரோ’வில் முடியும். டோனட் மாதிரி வட்டம். ஒரு துண்டில் ஜாக்ஸன் 5, அதாவது மோட்டவுன், மெதுவாகக் கரைந்து வேகம் தடுமாறி மீண்டும் வருகிறது. இன்னொன்றின் பெயர் ‘தி ஃபேக்டரி’.

ஆல்பம் முழுவதையும் மரணப் படுக்கையில், மருத்துவமனைக் கட்டிலில் செய்தார் என்பது இணையத்தில் எல்லோரும் ஷேர் செய்யும் கதை. உண்மையில் பெரும்பகுதியின் கரு வீட்டிலேயே பீட் டேப்பாகத் தயாராகிவிட்டது. மருத்துவமனையில் நடந்தது, சின்ன சாம்ப்ளரும் இசைத்தட்டு பிளேயரும் வைத்துக்கொண்டு செய்த மிச்ச வேலைகள். கை வீங்கி, தூக்கம் இல்லாமல் அதைச் செய்ததே பெரிய விஷயம். கதையை ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவை இல்லை.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் உயிர் பிரிந்தது.

அதன் பிறகு நடந்தவை

அவர் விட்டுப்போனது இரண்டு மகள்கள், அரசுக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி, மருத்துவக் கடன், ஹார்டு டிஸ்க்குகளிலும் கேசட்டுகளிலும் நூற்றுக்கணக்கான பீட்டுகள். உலகமெங்கும் அவர் பெயரில் டி-ஷர்ட்டும் அனுமதி இல்லாத ரெக்கார்டும் விற்றன. அந்தப் பணமெல்லாம் குடும்பத்துக்குப் போகவில்லை. சொத்து நிர்வாகம் யார் கையில் என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடியது. மகனைப் பார்த்துக்கொள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அம்மாவுக்கு, மகனுடைய இசையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நீண்ட காலம் இல்லை.

இசை மட்டும் வேறு பாதையில் போனது. 2009-ல் லாஸ் ஏஞ்சலஸில் மிகுவல் ஆட்வுட்-ஃபெர்குசனின் முயற்சியில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா டில்லாவின் பீட்டுகளை வாசித்தது. நிகழ்ச்சியின் பெயர் ‘சூட் ஃபார் மா டியூக்ஸ்’. ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் பியானோ கலைஞர்கள், மெஷினில் செய்த அந்தத் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பழகினார்கள். முதலில் மனித வாசிப்பு, அதிலிருந்து வெட்டிய சாம்பிள், பிறகு மெஷின், மீண்டும் மனித வாசிப்பு. அப்புறம்தான் லோ-ஃபை வந்தது. அந்த வகைக்கு முன்னோடிகளாகச் சொல்லப்படும் இருவரில் ஒருவர் டில்லா, இன்னொருவர் ஜப்பானின் நுஜாபெஸ். தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நுஜாபெஸ் பிறந்ததும் 1974 பிப்ரவரி 7. அவரும் இப்போது இல்லை.

டில்லாவின் எம்பிசி 3000-ஐ மா டியூக்ஸ் 2014-ல் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். 2016-ல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தின் இசைக் கூடத்தில் அது இருக்கிறது. அதே கூடத்தில்தான் ஜார்ஜ் கிளின்டனின் குழு மேடையில் இறக்கிய விண்கலமான ‘மதர்ஷிப்’பும் நிற்கிறது. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த பேட்டைக்காரர் வீட்டில்தான் ஜேம்ஸ் முதன்முதலில் எம்பிசியில் கை வைத்தார்.